லைசோசைம் படிகத்தின் மேலே எழுந்த தாரை

கோழிமுட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்ற புரதம், சோடியம் குளோரைடு கலந்த கரைசலில் எளிதாகப் படிகமாகிவிடும் என்பதால், அது எப்படி வளர்கிறது என்று நான் வெகுநாள் யோசித்ததில்லை. கரைசலின் அடர்த்தி வேறுபாடுகளைக் கண்ணுக்குக் காட்டும் ஷ்லீரன் ஒளியமைப்பில் ஓரளவு பெரிய படிகம் ஒன்றைப் பார்த்தபோதுதான், அதன் உச்சியிலிருந்து ஊதுவத்திப் புகையைப் போல மெல்லிய தாரை எழுவதைக் கண்டேன். படிகம் சுற்றியுள்ள புரதத்தை எடுத்துக்கொள்வதால் அருகிலுள்ள கரைசலின் அடர்த்தி சற்றே குறைந்து மேலெழ, அந்த இடத்துக்குச் செறிவான கரைசல் பக்கங்களிலிருந்து வந்து சேர்கிறது.

புதிய கரைசல் வருவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அதனுடன், இரண்டிரண்டாக ஒட்டிய லைசோசைம் மூலக்கூறுகள் போன்ற மாசுகளும் வந்து படிக அடுக்குகளின் ஒழுங்கைக் குலைக்கின்றன. இந்த ஓட்டம் இல்லாமல், மூலக்கூறுகள் தாமாகவே பரவும் விரவல் மட்டுமே நடந்தால், பெரிய மூலக்கூறுகள் மெதுவாகவே நகரும் என்பதால், படிகத்தைச் சுற்றிப் புரதமும் மாசும் குறைந்த ஒரு வளையம் நிலைத்து, வளர்ச்சி நிதானப்படும்.

●

மேலே எழுதிய தோழி தாரையைக் கண்டார். என்னை வாட்டியது படிவு. படிகங்கள் கிண்ணத்தின் அடியில் விழுந்து ஒன்றோடொன்று பிணைந்துகொண்டே இருந்தன. கரைசலில் சிறிதளவு அகரோஸ் ஜெல் சேர்த்த பிறகு, அவை தோன்றிய இடத்திலேயே நின்று தனித்தனியாக வளர்ந்தன. ஜெல்லின் வலைப்பின்னல் ஓட்டத்தையும் படிவையும் ஒருசேரத் தடுத்துவிடுகிறது.

எடையற்ற நிலை நிலவும் விண்வெளியிலும் இந்த ஓட்டமும் படிவும் பெரிதும் அடங்கும்; ஆனாலும் அங்கு நடந்த சோதனைகளை நான் சற்று ஐயத்துடனேயே படிப்பேன். 1983இல் விண்வெளி ஓடத்தில் சென்ற ஸ்பேஸ்லேப்-1 ஆய்வகத்தில் ஆய்வாளர் வால்ட்டர் லிட்கே வளர்த்த லைசோசைம் படிகங்கள், அதே கருவியில் தரையில் வளர்ந்தவற்றைவிடக் கன அளவில் 1000 மடங்கு பெரியவை எனச் சொல்லப்பட்டது. ஆனால் தரையில் அந்தக் கருவிக்குள் கரைசல்கள் ஓட்டத்தால் விரைவாகக் கலந்துவிடும் என்பதால், அந்த ஒப்பீடு தரையின் சிறந்த முறையுடன் செய்யப்பட்டதல்ல. மெர்க் நிறுவனம் 2017இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய, பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்துப் புரதத்தின் சோதனைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது: தரையில் 13, 102 மைக்ரோமீட்டர் என இரு அளவுகளில் திரண்ட துகள்கள், அங்கே 39 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒரே சீராக அமைந்தன. ஊசிமருந்தாகச் செலுத்த வேண்டிய புரதத்துக்கு, ஒற்றைப் பெரிய படிகத்தைவிட இந்தச் சீர்மையே தேவை.

மூடியின் அடியில் தொங்கும் கரைசல் துளிக்குள் படிகம் வளர்க்கும் தொங்கு துளி முறையைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: துளியின் பரப்பு இழுவிசை வேறுபாட்டால் எழும் மாராங்கோனி ஓட்டம், ஈர்ப்பு இல்லாவிட்டாலும் நிற்பதில்லை.