பின்சில்லு ரியூப்லெஸ் ரயர் விடியும்போது காற்று இறங்கிக் கிடக்கிறது. உதவி தேவை

கேள்வி (மாங்குளம்):
ஒட்டுசுட்டான் பக்கம் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். உள்வீதியெல்லாம் கிரவல், ஓரத்தில் உடைமுள்ளு. கிழமைக்கு இரண்டு தரம் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுக் களைத்துப்போய், 29 அங்குலச் சில்லு இரண்டையும் வீட்டிலேயே உள்ளே ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ஆக்கினேன். முன்சில்லு சரி. பின்சில்லுக்கு மாலையில் 30 பிஎஸ்ஐ அடித்தால் காலையில் தட்டையாக இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் 100 மில்லி விட்டேன், பிறகு இன்னும் 50. பலனில்லை. ரயர் பிழையா?

பதில் (கிளிநொச்சி):
தம்பி, இனிச் சீலன்ட் விடாதேங்கோ. அந்த அளவு ரயருக்கு 100, 120 மில்லி போதும். முதலில் காற்று எங்கால் போகிறது என்று பாருங்கோ. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் ரயர் விளிம்பு, வால்வு அடி, கம்பிகளை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பூசுங்கோ. விளிம்பில் நுரைத்தால் ரயர் சரியாக உட்காரவில்லை. நிப்பிளில் நுரைத்தால், கம்பி ஓட்டைகளை மூட ரிம்மின் உள்ளே ஒட்டுகிற ரிம் ரேப்தான் பிழை.

கேள்வி கேட்டவர்:
அண்ணை, பூசிப் பார்த்தேன். நாலைந்து நிப்பிளிலும் வால்வு நட்டிலும் நுரைக்கிறது. ரேப் 25 மில்லிமீற்றர், ரிம்மின் உள் அகலம் 27.

பதில் (கிளிநொச்சி):
அதுதான் விசயம். ரேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2, 3 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கவேண்டும். உங்களுடையது விளிம்புவரை எட்டவே இல்லை. சீலன்ட் அதற்கு அடியால் ஊறிக் கம்பி ஓட்டைகளுக்குள் போகிறது. 30 மில்லிமீற்றர் ரேப் எடுங்கோ. பழையதை உரித்து, பசை முழுக்கப் போக ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கோ. இதில் அவசரப்படக் கூடாது, ஈரமோ தூசியோ இருந்தால் ரேப் ஒட்டாது. நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டி, முனைகள் ஒரு சாண் அளவு ஒன்றின்மேல் ஒன்று வரவிடுங்கோ. வால்வுக்குச் சின்ன ஓட்டை போதும், கத்தியால் கீறினால் கிழிந்துகொண்டு போகும். நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கோ, குறடு வேண்டாம்.

பதில் (வவுனியா):
ஒன்று சேர்க்கிறேன். ரேப் ஒட்டியபின் ரியூப்பைப் போட்டுக் காற்றடித்து ஓரிரவு விடுங்கள். ரேப் அமுங்கி ஒட்டும். அடுத்த நாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி ரியூப்பை எடுத்தால் மற்றப் பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். பிறகு வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் கடைக் கொம்பிரசரில் அடித்தால் ரயர் விளிம்பு ‘டக் டக்’ என்று ரிம்மில் ஏறிவிடும். ரயரில் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம். இந்த வெயிலுக்குச் சீலன்ட் கெதியில் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
30 மில்லிமீற்றர் ரேப் போட்டேன். நிப்பிளில் நுரையே இல்லை. மூன்று நாளாக 28இல் நிற்கிறது. நேற்று ஒரு முள்ளைப் பிடுங்கினேன், கொஞ்சம் சீறியது, சில்லைச் சுற்றிவிட அடைபட்டது. அண்ணைமார் இருவருக்கும் மிக்க நன்றி.