சாப்பாட்டோட டீ குடிக்கற பழக்கம்: நம்ம நீலகிரில நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

குன்னூர் லேப் அக்கா:
குன்னூர் பக்கம் ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேலைல இருக்கேன். கொழுந்து பறிக்கற அக்காங்க நிறைய பேர் வருவாங்க, ஹீமோகுளோபின் பார்த்தா 8, 9ன்னு நிக்கும், கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்தசோகைதான், தமிழ்நாட்டுலயே பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு இது இருக்குன்னு 2019-21 குடும்பநல சர்வேல வந்துச்சு. ஒரு அக்கா, மாத்திரை ஒழுங்கா போட்டும் ஏறவே மாட்டேங்குதுன்னு அழாத குறையா சொன்னாங்க. எதோட முழுங்கறீங்கன்னு கேட்டேன். "காலைல டீயோடதான் கண்ணு, வெறும் தண்ணில குமட்டுது"ன்னாங்க.

டீல இருக்கற கேட்டச்சின் மாதிரி ஃப்ளேவனாய்டு (செடிங்கள்ல இருக்கற ஒரு வகை வேதிப்பொருள்) எல்லாம் வயித்துக்குள்ள இரும்புச்சத்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் குடலால அதை உறிஞ்ச முடியாது. கீரை, ராகி, பருப்புல வர்ற இரும்புக்குத்தான் இந்த அடி, கறி மீன்ல இருக்கறதுக்கு அவ்வளவா இல்ல. சாப்பாட்டோட ஒரு கப் டீ குடிச்சா உறிஞ்சறது 60 சதவீதம் அளவுக்கு குறையறதா சோதனைல பார்த்திருக்காங்க, பால் ஊத்தினாலும் பெருசா மாறல. ஊட்டி ரோட்டுல கடைக்குக் கடை "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைஞ்சது"ன்னு போர்டு வச்சு, செல்லைக் கெடாம காக்கும்னு இந்த ஃப்ளேவனாய்டைச் சொல்லி விக்கறாங்களே, அதே சரக்குதான் மதியம் சோத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்துல ஃபிளாஸ்க்ல உக்காந்து இந்த அக்காங்க இரும்பை இழுத்துக்குது. டூரிஸ்ட்டுக்கு சொல்றதுல பாதியாவது பறிக்கறவங்களுக்கு யாராவது சொல்லணும்ல? உங்க பக்கம் என்ன பார்த்தீங்க, எழுதுங்க.

கோத்தகிரி பேக்டரிக்காரர்:
நான் டீ பேக்டரில ரொம்ப வருஷமா இருக்கேன்மா. பார்க்க வர்றவங்க எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, கிரீன் டீலதான் சத்து, நம்ம டஸ்ட் டீல ஒண்ணுமே இல்லையாமேன்னு. இலையை வாட்டி, சி.டி.சி. மெஷின்ல நசுக்கி, காத்துல விடறப்போ இலைல இருக்கற என்சைம் கேட்டச்சினை தீஃப்ளேவின், தீருபிஜின்னு நிறம் தர்ற பொருளா மாத்துது, பச்சையா இருந்தது செம்பு நிறத்துக்கு வர்றதும் டீ நல்ல நிறமா இறங்கறதும் அதனாலதான். கிரீன் டீக்கு ஆரம்பத்துலயே சூடு காட்டி அந்த என்சைமை நிறுத்திடுவாங்க. சத்து அழிஞ்சு போகல, வேற உருவம் எடுத்துக்குது, அவ்வளவுதான்.

நெதர்லாந்துல சுட்ஃபன்னு ஒரு ஊர்ல வயசானவங்க 805 பேரை வச்சு பண்ணின ஆராய்ச்சி 1993ல வந்துச்சு, அதுல ஃப்ளேவனாய்டு அதிகமா சாப்பிட்டவங்க ஹார்ட் நோயில சாகறது குறைவா இருந்துச்சு, அவங்களுக்கு பாதிக்கு மேல ஃப்ளேவனாய்டு வந்ததே டீலருந்துதான், மிச்சம் வெங்காயம், ஆப்பிள். ஆனா வேல்ஸ்ல அதே மாதிரி பார்த்தப்போ பலன் தெரியல, அங்க பால் டீ குடிக்கறவங்க. பால்ல இருக்கற கேசின்ங்கற புரதம் கேட்டச்சினைப் பிடிச்சுக்குதோன்னு ஒரு பேச்சு இருக்கு, 2007ல ஜெர்மனில சின்னதா ஒரு சோதனை அப்படித்தான் காட்டுச்சு, மத்தவங்க எல்லாரும் ஒத்துக்கல. மக்களோட பழக்கவழக்கத்தை மட்டும் கவனிச்சுப் பார்க்கற ஆராய்ச்சிய நம்பி டீய மருந்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நல்ல டீ நல்ல டீதான், அதுக்கு மேல எதுக்கு.

ஊட்டி சரவெடி:
அக்கா எங்க சித்தப்பா கதை. உடம்பு இளைக்கணும்னு ஆன்லைன்ல ஏதோ கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் வாங்கி தினமும் போட்டாரு, கொஞ்ச நாள்ல சோர்வு, பசியில்ல, டெஸ்ட் எடுத்தா லிவர் என்சைம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு, டாக்டர் முதல்ல கேட்டதே சப்ளிமென்ட் ஏதாவது எடுக்கறீங்களான்னுதான். நிறுத்தினதும் மெல்ல இறங்குச்சு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018லயே சொல்லியிருக்கு, ஈஜிசிஜின்னு அந்த கேட்டச்சினை சப்ளிமென்ட்டா ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அதுக்கு மேல எடுத்தா லிவர் பாதிப்புக்கான அறிகுறி தெரியுதுன்னு. கப்புல குடிக்கறது வேற, அதையே சுண்டக் காய்ச்சி மாத்திரையாக்கி வெறும் வயித்துல போடறது வேற. தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

குன்னூர் லேப் அக்கா:
சித்தப்பா நல்லா இருக்காருல்ல? இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப கோவம் வரும் தம்பி. டெஸ்ட் டியூப்ல வேலை செய்யுதுன்னா உடம்புலயும் அப்படியே செய்யும்னு விக்கறாங்க. நாம சாப்பிடற ஃப்ளேவனாய்டுல கொஞ்சம்தான் ரத்தத்துக்கே போகுது, போனதையும் உடம்பு மாத்தி சில மணி நேரத்துல வெளிய தள்ளிடும், மிச்சத்தை குடல் பாக்டீரியா உடைக்குது. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை, அதாவது ஆக்சிஜன்லருந்து உருவாகற தீவிரமான மூலக்கூறுங்க செல்லைக் கெடுக்கறதை, சமாளிக்க உடம்பே க்ளூட்டாதயோன், கேட்டலேஸ்னு தனக்கு வேணுங்கறதை தயார் பண்ணி வச்சிருக்கு. எந்தப் பழத்துல எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தின்னு அமெரிக்க விவசாயத்துறை ஒரு பட்டியல் போட்டிருந்துச்சு, கம்பெனிங்க அதை விளம்பரத்துக்கு தப்பா யூஸ் பண்றாங்க, அந்த நம்பருக்கும் உடம்புல நடக்கறதுக்கும் சம்பந்தம் காட்ட முடியலன்னு 2012ல அவங்களே எடுத்துட்டாங்க. இன்னும் இங்க பாக்கெட்ல அந்த மாதிரி நம்பர் பார்க்கறேன்.

அதுக்காக பழம் காய் வேண்டாம்னு இல்ல. பிளம்ஸை தோலோட தின்னுங்க, அந்த சிவப்பு ஊதா நிறமே ஆந்தோசயனின்ங்கற ஃப்ளேவனாய்டுதான். காட்டுல விளையற தவிட்டுப்பழம் கிடைச்சா விடாதீங்க, சின்ன வயசுல வாயெல்லாம் ஊதாவா திரிஞ்சோமே, இப்ப பிள்ளைங்களுக்கு செடியைக்கூட அடையாளம் தெரியல.

கூடலூர் நர்சம்மா:
ஒண்ணு சேர்த்துக்கறேன்க்கா. எங்க பக்கம் பழங்குடி மக்கள்ல சிக்கிள் செல்னு சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை ரத்த நோய் இருக்கு, ரத்தம் குறைவுன்னு பார்த்ததும் எல்லாத்தையும் டீ தலையில போட்டுட முடியாது. டெஸ்ட் பண்ணாம இரும்பு மாத்திரைய நாமளா அள்ளிக் கொடுக்கறதும் தப்பு, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கறவங்களுக்கு ஏற்கனவே இரும்பு கூடிப்போயிருக்கும், கூடுற இரும்பே ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை ஏத்தும். முதல்ல எந்த வகை ரத்தசோகைன்னு பாருங்க.

அப்புறம் பாட்டில்ல கைக்குழந்தைக்கு டீ ஊத்திக் கொடுக்கற வீடு இன்னும் இருக்கு. அதைப் பார்த்தா எனக்கு தூக்கமே வராது.

குன்னூர் லேப் அக்கா:
கரெக்ட்டும்மா, டாக்டர் எழுதிக் கொடுத்தவங்களுக்குத்தான் நான் சொல்றதும். அந்த அக்காவுக்கு நான் டீய விடச் சொல்லல, அந்தக் குளிர்ல மலைச்சரிவுல நிக்கறவங்ககிட்ட எந்த வாயால சொல்றது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க, மாத்திரைய எலுமிச்சை தண்ணில போடுங்க, குமட்டினா ராத்திரி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்கன்னேன். அதுக்கு அவங்க, சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் திரும்ப பறிக்கப் போயிடுவோமே, ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிக்க எங்கள யாரு விடுவான்னு கேட்டாங்க. எஸ்டேட்ல சூப்பர்வைசர், ஃபீல்டு ஆபீசரா இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா பதில் போடுங்க, டீ பிரேக்கை சாப்பாட்டுலருந்து பிரிச்சு வைக்க உங்க டிவிஷன்ல முடியுமா?