இரண்டாவது வண்டி வாங்கலாமா, பஸ் பாஸ் எடுக்கலாமா?

அந்திவெயில் (கேள்வி):
வீட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர்தான். இதுவரை கணவர் என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். இப்போது அவருக்கு நேர் எதிர்த்திசையில் மாற்றல் வந்துவிட்டது. என் அலுவலகம் 11 கிலோமீட்டர் தூரம். "இன்னொரு வண்டி வாங்கிவிடு, எதற்கு யோசிக்கிறாய்" என்று சுற்றியிருக்கும் எல்லாரும் சொல்கிறார்கள்.

போன வாரம் முழுக்க பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஸ்டாப்புக்கு 8 நிமிட நடை, ஏறிவிட்டால் 40 நிமிடம். இரண்டும் பரவாயில்லை. நடுவில் நிற்கிற நேரம்தான் பாடாய்ப் படுத்துகிறது. திங்கட்கிழமை 4 நிமிடத்தில் பஸ் வந்தது. செவ்வாய்க்கிழமை 26 நிமிடம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் பெரிய வண்டி எது தெரிந்தாலும் கழுத்தை நீட்டி போர்டைப் படிப்பது, இல்லையென்று தெரிந்ததும் மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பது. கடைசியில் ஒரே நம்பரில் இரண்டு பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முன்னால் வந்ததில் படிக்கட்டு வரை கூட்டம், பின்னால் வந்தது காலி.

ஆனால் உட்கார இடம் கிடைத்த இரண்டு நாளும் அலுவலகத்துக்குத் தலைவலி இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். அதுதான் மனதைக் குழப்புகிறது. இப்படி மாறிப் போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நேர்வழி:
வாங்கிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதானவர்களோ இருந்தால் திடீரென்று கிளம்ப வண்டி வேண்டும்.

மூன்றாம்மாடி:
நான் 6 வருடம் பைக்கில் போய்விட்டு பஸ்ஸுக்கு மாறியவன். மாறி 4 வருடம் ஆகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே நம்பர் இரண்டு பஸ் சேர்ந்து வந்ததைச் சொன்னீர்களே, அது டிரைவர்களின் அலட்சியம் இல்லை. ஒரு பஸ் சிக்னலில் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் அதற்காகக் காத்திருப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் ஏறி இறங்கவே நேரம் பிடிப்பதால் இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற ஆள் அதிகம் இல்லை, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். அதனால் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணையில் இருந்தாலும் நாம் 26 நிமிடம் நிற்கிறோம். மக்கள் வண்டி வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த நிச்சயமின்மைதான் என்பது என் எண்ணம். டிக்கெட் விலை அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. லக்ஸம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க பஸ்ஸும் டிராமும் இலவசம், ரயிலில் இரண்டாம் வகுப்பும் இலவசம். அப்படியும் அங்கே கார் நெரிசல் ஒழியவில்லை.

இன்னொன்று. வண்டி வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டால் நம் கணக்கே மாறிவிடும். பஸ் டிக்கெட்டையும் பெட்ரோலையும் மட்டும்தான் அப்புறம் ஒப்பிடுவோம். கடன் தவணை, இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் ஏற்கெனவே போன காசு என்று மனதிலிருந்து கழன்றுவிடும். ஒரு வருடம் எல்லாவற்றையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தேன். கூட்டிப் பார்த்தால் பெட்ரோல் செலவு மொத்தத்தில் பாதிகூட இல்லை! ஆகவே தினமும் காலையில் பஸ்ஸா வண்டியா என்று நாம் முடிவு செய்வதில்லை. வண்டி வாங்குகிற அன்றைக்கே அது முடிந்துபோகிறது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பக்கத்து ஸ்டாப்பை விட்டுவிட்டு, இரண்டு மூன்று ரூட் வந்து சேர்கிற ஸ்டாப் எது என்று பாருங்கள். என் வீட்டுக்குக் கீழே ஒரே நம்பர்தான் நிற்கும். 6 நிமிடம் கூடுதலாக நடந்தால் முக்கியச் சாலையில் மூன்று நம்பர் வரும், மூன்றுமே என் அலுவலகம் வழியாகப் போகும். இது தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் வேலைநிறுத்தம் நடந்தபோது வேறு வழியில் போக நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அந்தப் புது வழியை விடவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தினம் போகிற வழிதான் நல்ல வழி என்று அதுவரை நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

சாம்பல்குருவி:
மேலே எழுதியவர் சொல்வது சரிதான், ஆனால் காலைப் பயணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் அக்கா. நான் பஸ்ஸை விட்டதற்குக் காரணம் இரவு. எட்டரை மணிக்கு இறங்கினால் ஸ்டாப்பிலிருந்து தெருமுனை வரை ஒரு விளக்கும் இல்லை. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நடப்பது? அதோடு, திரும்பும் வழியில் பிள்ளையைக் கூட்டி, மருந்து வாங்கி என்று மூன்று இடம் ஏறி இறங்குவது பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. ஒவ்வொரு இடத்திலும் மறுபடி ஒரு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். நடைபாதையும் தெருவிளக்கும் சரியாக இருந்தால் நாளைக்கே பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

அந்திவெயில்:
எல்லாருக்கும் நன்றி. மூன்றாம்மாடி சொன்னபடி பெரிய ஸ்டாப்புக்கு நடந்து பார்த்தேன். நடை 15 நிமிடம் ஆகிறது. நான்கு நாளில் நின்ற நேரம் 3, 6, 5, 9 நிமிடம். ஆக மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வேன் என்று கிளம்பும்போதே சொல்ல முடிகிறது.

சாம்பல்குருவி, நீங்கள் சொன்ன பிறகு நேற்று இரவு அந்த 15 நிமிடத்தையும் திரும்பி நடந்து பார்த்தேன். பள்ளிச் சுவர் முடிகிற வரை வெளிச்சம் இருக்கிறது, அதற்கப்புறம் கும்மிருட்டு. தாமதமாகிற நாட்களில் கணவர் பெரிய ஸ்டாப்புக்கே ஸ்கூட்டரில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்கு பாஸ் எடுத்துவிட்டேன். வண்டிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை.