ஆதி என்றொரு சொல்: உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?

மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். மழைக்காலம் வந்தால் பக்கத்து வீட்டுச் சேச்சி "மனசில் ஒரு ஆதி" என்பார். ஆதி அந்தம் என்கிறோமே, அந்த ஆதி என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். மலையாளம் எழுதக் கற்ற பிறகுதான் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து என்று தெரிந்தது. தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது. சேச்சி சொன்ன ஆதி வடமொழியிலிருந்து வந்த சொல். உடம்புக்கு வருவது வியாதி, மனதுக்கு வருவது ஆதி.

நாய் பாய்ந்து வந்தால் பயம். ஊரே ஓடினால் பீதி. ஆதி என்பது ஒன்றும் நடக்காதபோதே வந்து உட்கார்ந்துகொள்வது. சோறு இறங்காது. கை வேலை செய்யும், காது வெளியே இருக்கும்.

2020 ஆகஸ்ட் 6. விடாத மழை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அம்மா படுக்கவே இல்லை. "படும்மா" என்றேன். "மனசு ஒரு மாதிரி கெடக்குடி" என்றாள். அந்த இரவில்தான் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் நம் ஆட்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள். எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ மழை இரவுகளில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றும் நடந்ததில்லை.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசர்). நான்கும் எதிரே வந்து நிற்கக்கூடியவை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையை நான் எதில் சேர்ப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு) ஒரு வாசகரின் பதில்:

எங்கள் வீட்டில் "பக்குபக்குனு இருக்குது" என்பார்கள். "பக்குனு ஆச்சு" என்றால் ஒரு நொடி, முடிந்துவிட்டது. அதையே இரட்டித்து "இருக்குது" சேர்த்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள். அப்பாவை ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் அம்மா சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அப்பா நன்றாகத் திரும்பி வந்தார்.

வண்டிப்பெரியாறிலிருந்து (இடுக்கி) இன்னொரு வாசகரின் பதில்:

அக்கா, எங்கள் வீடு ஆற்றோரம். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. மழையில் மட்டம் அதை நெருங்க நெருங்க, ஷட்டர் திறப்பார்கள் என்ற பேச்சு தொடங்கும். கம்பத்தில் இருக்கும் எங்கள் அத்தைக்கு அதே தண்ணீர்தான் நெல்லுக்கு. மட்டம் ஏறினால் அவருக்கு நிம்மதி, இறங்கினால்தான் கவலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மலைதான்.

அப்பா எதுவும் சொல்ல மாட்டார். ரேஷன் கார்டையும் எங்கள் சர்டிபிகேட்டுகளையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கதவருகே வைப்பார். "ஏன்ப்பா?" என்று கேட்டால் "சும்மாத்தான்" என்பார். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆற்றுச் சத்தம் கேட்கப் போவார்.