தென்னாப்பிரிக்கத் தோட்டங்களில் கார்டினியா: இன்னும் மனதை விட்டுப் போகாத செடி எது?

சாட்ஸ்வர்த்_மாடித்தெரு

சுவரோரம் இருந்த அடுக்கு இதழ்க் கார்டினியா ஒன்று. சுவர்ப் பக்கக் கிளைகளில் துளிரெல்லாம் வெளிறிய மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கேட் பக்கம் நீண்ட கிளைகளோ கரும்பச்சை. ஒரே செடி, ஒரே தண்ணீர். சுவரடியில் கையளவு தோண்டியதும் காரணம் தெரிந்தது: பூச்சு வேலையின்போது கொட்டிய சிமென்ட் கட்டிகள், வேர் அதைச் சுற்றிப் படர்ந்திருந்தது.

சிமென்டில் இருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கார்டினியாவுக்கு மண்ணின் அமில-கார அளவான பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் துளிர் வெளுக்கும், அடுத்து மொட்டு கொட்டும்.

சுவரில் இருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். குழி 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம். தோண்டிய மண்ணில் பாதி, பைன் பட்டை கம்போஸ்ட் பாதி. வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரையை விட இரண்டு விரல் உயரமாக நிற்கட்டும், புதைந்தால் தண்டின் அடிக்கழுத்து அழுகும். இடம் மாற்ற முடியாத செடிக்கு இரும்பு கீலேட் (வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு), லிட்டருக்கு 1 கிராம், வேரில் ஊற்றவும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும். இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மண்ணை நிரந்தரமாக மாற்ற கந்தகத் தூள், நம் டர்பன் பக்கச் சிவப்பு மணலுக்கு சதுர மீட்டருக்கு 50 கிராம். மண்ணில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு மறுபடி போடக்கூடாது.

பீனிக்ஸ்_அக்கா

இவ்வளவு எதுக்கு? எப்சம் உப்பு 5 லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி, மாசம் ஒரு தடவை. மஞ்சள் போயிடும்.

எனக்கு மறக்காதது வேற. கோயில் பக்கத்து வீட்டுச் செடி, இலை முழுக்க கரி பூசின மாதிரி. எல்லாரும் இலையைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. ஒரு இலையைத் திருப்பினா அடியில வெள்ளை ஈ பொரபொரன்னு பறந்துச்சு, தண்டு முழுக்க எறும்பு வரிசை. பூச்சி விடுற தேன்பிசுக்கிலதான் அந்தக் கறுப்புப் பூஞ்சை வளருது. பூச்சியை விட்டுட்டு கறுப்பைத் துடைச்சுப் பயனில்ல. லிட்டருக்கு 5 மி.லி. சோப்புத் திரவம், 10 மி.லி. பூச்சிக்கு அடிக்கிற தோட்ட எண்ணெய், இலையோட அடிப்பக்கம் நனையணும். சாயங்காலம் அடிங்க, 30 டிகிரிக்கு மேல வெயில்ல அடிச்சா இலை கருகும். பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை, ஏன்னா எல்லா முட்டையும் சாகாது. எறும்பு ஏறாம தண்டுல துணி சுத்தி அதுமேல கிரீஸ் தடவுங்க. எறும்பு இருக்கிற வரைக்கும் வெள்ளை ஈயையும் மாவுப்பூச்சியையும் அது காவல் காக்கும்.

வெருலம்_ஒட்டுக்காரர்

அக்கா, பூச்சி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எப்சம் உப்பு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது மெக்னீசியம். மெக்னீசியம் குறைந்தால் அடியில் உள்ள முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும், காரணம் செடி அதைப் பழைய இலையில் இருந்து உறிஞ்சித் துளிருக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது, ஆகவே துளிர் வெளுக்கும். சாட்ஸ்வர்த் நண்பர் எழுதியது துளிரைப் பற்றி. அதற்கு எப்சம் உப்பை எத்தனை மாதம் ஊற்றினாலும் பச்சை திரும்பாது. முதிர்ந்த இலை நரம்போடு சேர்ந்து முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. வசந்தத்தில் உள்பக்கத்து இலை நாலைந்து மஞ்சளாகி விழுவது இயல்பு, அதற்கு எதுவும் ஊற்ற வேண்டாம்.

மஞ்சள் எல்லாம் மண்ணின் காரத்தால் வருவதும் இல்லை. உரம், கீலேட் எல்லாம் கொடுத்தும் மதியத்தில் வாடி நிற்கும் ஒரு செடியைப் பிடுங்கியபோது, வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. அந்த வேரைப் பார்த்த பிறகு எந்தக் கார்டினியாவுக்கும் வேரைப் பார்க்காமல் மருந்து சொல்வதில்லை. வேர்முடிச்சு நூற்புழு. நம் கடற்கரை மணலில் அதற்கு நல்ல வாழ்வு. நகத்தால் தேய்த்தால் முடிச்சு உதிராது, வேரோடு ஒட்டியே வீங்கியிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் அதற்கு மருந்து தேடுவது வீண். செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் செண்டுமல்லியை நெருக்கமாக விதைத்து மூன்று நான்கு மாதம் விட்டால் புழு குறையும், பூசைக்குப் பூவும் ஆகும்.

நிரந்தர வழி ஒட்டுச்செடி. இதைச் சொல்லும்போது ஆதங்கமாக இருக்கிறது. நம் குவாசுலு-நேட்டால் காடுகளிலும் ஈஸ்டர்ன் கேப்பிலும் தானாக வளரும் கார்டினியா துன்பெர்கியாவின் வேரை இந்த நூற்புழு எளிதில் தாக்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நர்சரிக்காரர்கள் அதைத்தான் வேர்ச்செடியாக வைத்து வாசனைக் கார்டினியாவை ஒட்டுகிறார்கள். அதன் தாய்மண்ணில் இருக்கும் நாம் ஒட்டாமல் வெறும் குச்சி ஊன்றி வளர்த்த செடியை வாங்கிப் புழுவுக்குக் கொடுக்கிறோம். துன்பெர்கியா காய் கட்டைபோல் கெட்டி, மரத்திலேயே ஆண்டுக்கணக்கில் தொங்கும். காட்டில் யானையும் மானும் மென்று விதையைப் பரப்பும். வீட்டில் சுத்தியலால் உடைத்து, சதையைக் கழுவிவிட்டு விதைக்க வேண்டும். நாற்று பென்சில் தடிமன் ஆனதும் தண்டைப் பிளந்து, ஆப்புபோல் சீவிய குச்சியைச் செருகி ஆப்பு ஒட்டு கட்டலாம்.

லெனேசியா_வடக்கு

டர்பன்காரர்களுக்குப் பூச்சியும் புழுவும். இங்கே ஹைவெல்ட்டில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலத்தில், மொட்டுதான் பிரச்சினை. மொட்டு பட்டாணி அளவுக்கு வந்து, ஆகஸ்ட் காற்று தொடங்கியதும் காலையில் செடியடியில் பச்சையாகவே கிடந்தது. நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இதழ் பழுப்பு. உதிர்ந்த மொட்டைப் பிளந்து பாருங்கள்: உள்ளே பழுப்பு என்றால் உறைபனி. மெல்லிய கோடு போன்ற பூச்சி ஊர்ந்தால் இலைப்பேன். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஏற்ற இறக்கம், அல்லது வறண்ட காற்று, அல்லது தொட்டியை இடம் மாற்றியது.

மே கடைசி முதல் இரவில் உறைபனி தடுக்கும் துணி, காலையில் எடுத்துவிட வேண்டும். துணி இலையில் படாமல் நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். கிழக்கு வெயில் வேண்டாம், உறைந்த மொட்டு வேகமாக உருகினால் சேதம் கூடும். மழையே இல்லாத குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். மூடாக்கு 5 செ.மீ. பைன் பட்டை, தண்டை ஒட்டாமல்.

இங்கே போர்வெல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் டோலமைட் பாறை, அந்தத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு. மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். இன்னொன்று எல்.ஏ.என். (லைம்ஸ்டோன் அம்மோனியம் நைட்ரேட்) உரம். தழைச்சத்து 28% என்று எல்லோரும் தூவுகிறார்கள். அதன் பெயரிலேயே சுண்ணாம்புக்கல் இருக்கிறது! கார்டினியாவுக்கு அம்மோனியம் சல்பேட், செடிக்கு 15 கிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விட்டால் போதும்.

டோங்காட்_பூக்கடை

பூவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தீபாவளிக்கு விரித்து வைத்த ஒரு தட்டு கார்டினியா, சாமிக்குப் போடும் முன்பே விரல் பட்ட இடமெல்லாம் தேமல் மாதிரி பழுப்பாகிப் போனது. இதழை எப்போதும் தொடாதீர்கள். அதிகாலையில் கையை நனைத்துக்கொண்டு, காம்போடு இரண்டு இலை விட்டுக் கத்தரியுங்கள். அகலக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டால் இரண்டு நாள் வெள்ளை நிற்கும், பிறகு தந்த நிறம். மாலை கட்டுவதானால் பாதி விரிந்த பூ.

கவாத்து பூ முடிந்த உடனே, பிப்ரவரிக்குள். பிறகு வெட்டினால் அடுத்த வசந்தத்து மொட்டை வெட்டுகிறீர்கள். வெட்டிய கிளையை வீணாக்க வேண்டாம். பாதி முற்றிய குச்சி 10 முதல் 12 செ.மீ., கீழ் இலைகளை எடுத்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, செராடிக்ஸ் 2-ஆம் எண் வேர்விடும் தூளில் தொட்டு, பெர்லைட்டும் தேங்காய் நார்த்தூளும் சம பங்கில் ஊன்றுங்கள். அடி அறுத்த இரண்டு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் நாலு முதல் எட்டு வாரத்தில் வேர். மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்து நின்றால் மூடியைத் திறந்து ஒரு வாரம் பழக்கிவிட்டுத் தொட்டிக்கு மாற்றலாம்.

பீனிக்ஸ்_அக்கா

வெருலம் அண்ணா, துளிர், முதிர்ந்த இலை விவரம் புரிஞ்சுது, நன்றி. எங்க வீட்டு ஒட்டுச்செடியில அடியில இருந்து வேகமா ஒரு கிளை வருது, ஒற்றை அடுக்கு, நீளக் குழல் பூ. விடலாமா?

வெருலம்_ஒட்டுக்காரர்

விடாதீர்கள் அக்கா, அது துன்பெர்கியா. ஒட்டுக்குக் கீழே இருந்து வருவது எதுவானாலும் மேல்செடியை அமுக்கிவிடும். கத்தரித்தால் அதே இடத்தில் இரண்டாக வெடிக்கும். மண்ணைத் தள்ளி, கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, பிஞ்சாக இருக்கும்போதே கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். லெனேசியாவில் ஒட்டுச்செடி வைப்பவர்களுக்கு: துன்பெர்கியா வேருக்குக் குளிர் தாங்கும் சக்தி குறைவு, அங்கே தரையில் நடாமல் பெரிய தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வராந்தாவுக்குள் கொண்டு போங்கள். மொட்டு வைக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.