கூத்து வட்டுகள் பார்க்க டிவிடி பிளேயர்: எதை வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு அருகே எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த தெருக்கூத்தை வீடியோக்காரர் பதிந்துகொடுத்த டிவிடி-ஆர் வட்டுகளையும், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த படங்களையும் என் தந்தையார் கட்டிலில் இருந்தபடியே பார்ப்பதற்கு, மடக்கும் திரையுள்ள டிவிடி பிளேயர் ஒன்று வாங்க விரும்புகிறேன். ஒரு வட்டு எந்தப் பகுதிக் கருவிகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியீடு இந்தியாவுக்கு 5, சிங்கப்பூருக்கு 3 என்பதால், எல்லா மண்டல வட்டுகளும் ஓடும் கருவியே எங்களுக்குப் பயன்படும். 9 அங்குலத் திரை போதும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியவேண்டும். உள்ளேயே அடைத்துவைத்த பேட்டரி உப்பிவிட்டால் பிறகு கருவியே வீண் (விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை). ஒலியைக் கூட்டிக் குறைக்க, கண்ணாடி போடாமலே விரலால் தடவி அறியக்கூடிய திருகு இருந்தால் நல்லது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நம் வட்டையே போட்டு ஓட்டிப் பார்த்து வாங்க அனுமதிக்கும் கடையோ, பிளேயரில் வட்டைப் படிக்கும் லென்ஸ் பழுதானால் மாற்றித் தரும் மெக்கானிக்கோ தெரிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.