நடுகல் படங்களையும் கூத்து ஒளிப்பதிவுகளையும் எந்தக் கோப்பு வடிவத்தில் வைப்பது?

ஊத்தங்கரை ஆசிரியர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களை நானும் மாணவர்களும் மூன்று ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறோம். அத்துடன், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தையும், துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தையும் ஊரார் பல காலமாக எடுத்து வைத்திருந்த ஒளிப்பதிவுகளும் இப்போது என் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்துள்ளன. ஏறத்தாழ 1,400 கோப்புகள். அவற்றின் பின்னொட்டுகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஜேபிஜி, பிஎன்ஜி, எச்இஐசி, வெப்பி என்று படங்கள். எம்பி4, எம்ஓவி, 3ஜிபி, எம்கேவி, பழைய வட்டிலிருந்து எடுத்த டேட் என்று ஒளிப்பதிவுகள்.

“பிஎன்ஜி வடிவத்தில் தரம் குறையாது, எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றிவிடுங்கள்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். மாற்றிப் பார்த்தேன். 200 கிலோபைட் இருந்த படம் 2 மெகாபைட்டுக்கு மேல் போயிற்றே தவிர, எழுத்து தெளியவில்லை. குறிப்பாக ஒரு கல்லில் இரண்டாம் வரியின் முதல் எழுத்து பகரமா வகரமா என்று தெரிய வேண்டும். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே ஒழிய கோடு தெரியவில்லை. ஒளிப்பதிவுகளில் ஓர் எம்பி4 கோப்பு 3 ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தும் திறக்க மறுக்கிறது. எல்லாவற்றையும் எந்த வடிவத்துக்கு மாற்றி வைப்பது நல்லது?

கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்காரர்:

ஐயா, வணக்கம். திருமண ஆல்பம் செய்வது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்தான்; ஆனால் அது தன்னிடம் கொடுக்கப்பட்டதை இழக்காமல் வைத்துக்கொள்ளுமே தவிர, ஏற்கெனவே இழந்ததைத் திருப்பித் தராது. கறந்த பால் மடி புகாது என்பது இதற்குப் பொருந்தும். உங்கள் கோப்பு பருத்ததற்குக் காரணம், ஜேபெக் (ஜேபிஜி) சுருக்கத்தால் வந்த சிதைவையும் பிஎன்ஜி ஒரு புள்ளி விடாமல் எழுதி வைத்திருப்பதுதான்.

12 மெகாபிக்சல் கைப்பேசி எடுக்கும் 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல் வைத்தால் 36 மெகாபைட் ஆகும். 1992இல் தரநிலையான ஜேபெக் அதையே மூன்று, நான்கு மெகாபைட்டில் அடக்கிவிடுகிறது. எல்லாக் கடையிலும், எல்லாக் கணினியிலும் திறக்கும். ஆகவே என் யோசனை, அனைத்தையும் ஜேபெக் ஆக்கி, தரத்தை 90க்கு மேல் வைத்துச் சேமியுங்கள். எச்இஐசி என்பது 2017 முதல் ஐபோன்களில் வருவது. அதே தரத்துக்கு ஜேபெக்கின் பாதி அளவே ஆனாலும், பல விண்டோஸ் கணினிகளில் தனி நீட்சி நிறுவாமல் திறக்காது. வாடிக்கையாளர் அதைக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் செய்வதே மாற்றுவதுதான். வெப்பி இணையப் பக்கங்களுக்கானது. அச்சுக்கு அதை யாரும் கேட்பதில்லை.

நடுகல் ஆர்வலர், தருமபுரி:

ஸ்டுடியோ நண்பர் ஆல்பத்துக்குச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டுக்கு அந்த வழி ஆகாது. ஜேபெக் எதை எறிகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெதுவாக மாறும் பகுதியையும் சட்டென்று மாறும் நுண்பகுதியையும் தனித்தனியே கணக்கிட்டு, கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுண்பகுதியின் எண்களை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடுகிறது. மிகச் சிறிய எண்கள் சுழியாகிப் போகின்றன. மணமகள் முகத்தில் இது தெரியாது. பல நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் தேய்ந்த கல்லில், எழுத்தின் கோடும் கல்லின் பரப்பும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கையில், அந்தச் சுழியாகிப் போகும் சிறிய எண்தான் எழுத்து. நீங்கள் பார்த்த சதுரங்கள் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்களே.

பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் பகரமும் வகரமும் எவ்வளவு நெருங்கி வரும் என்பது ஐயாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘தொறு’ (ஆநிரை), ‘பட்டான்’ (இறந்தான்) போன்ற வழக்கமான சொற்களாக இருந்தால் இடம் பார்த்து ஊகிக்கலாம். ஆள் பெயராக இருந்தால் கோட்டை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

எனவே எந்த வடிவத்துக்கும் மாற்றுவதற்கு முன், உங்களிடம் இருப்பது மூலக் கோப்புதானா என்று பாருங்கள். 200 கிலோபைட் என்கிறீர்கள். கைப்பேசியிலிருந்து நேராக வந்த படம் அவ்வளவு சிறிதாக இருக்காது. செய்தி அனுப்பும் செயலியின் குழு வழியாக வந்திருக்க வேண்டும். இத்தகைய செயலிகள் படத்தின் நீள அகலத்தையே குறைத்து, ஜேபெக்கை மறுபடியும் கசக்கித்தான் அனுப்புகின்றன. எந்த நாளில், எந்த இடத்தில் எடுத்தது என்ற உட்குறிப்புகளும் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. நடுகல்லுக்கு இடக்குறிப்பு போவது எழுத்து போவதற்குச் சற்றும் குறைந்த இழப்பன்று. சாலை விரிவாக்கத்தில் கல் பெயர்க்கப்பட்டால் அது நின்ற இடத்துக்கு அந்தக் குறிப்பே சாட்சி. இனிமேல் மாணவர்களை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்; அப்படி அனுப்பினால் கோப்பு உள்ளபடியே வரும்.

சில கைப்பேசிகளின் ‘புரோ’ முறையில் டிஎன்ஜி என்ற மூலத்தரவு வடிவம் கிடைக்கும். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள் மட்டுமே வைக்க, 12 பிட் மூலத்தரவு 4,096 படிநிலைகள் வைக்கும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த வடிவத்தில் எடுத்து, பின்னர் நிழலைச் சற்றே ஏற்றிப் பார்த்தால் கோடு எழுந்து நிற்கும். கோலமாவு பூசி எடுக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பூசுகிறவர் எதைப் படித்தாரோ அதைத்தான் படம் காட்டும். திருத்திய படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜியாக வையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வேர்டு கோப்பில் ஒட்டிவிட்டு அதுவே சேமிப்பு என்று இருந்துவிடவும் கூடாது, அதுவும் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும்.

ஓசூர் மென்பொருள் ஊழியர்:

படங்களைப் பற்றி மேலே சொல்லியாயிற்று, ஒளிப்பதிவுக்கு வருகிறேன். எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ ஆகியவை ஒளிப்பதிவின் வடிவங்கள் அல்ல, அவை பெட்டிகள். கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் பெங்களூராவும் போகிறது, செந்தூராவும் போகிறது அல்லவா? அதுபோல எம்பி4 என்ற பெட்டிக்குள் 2003இல் வந்த எச்.264 முறையில் சுருக்கிய காட்சியும் இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 முறையில் சுருக்கியதும் இருக்கலாம். ஒரே பின்னொட்டு உள்ள இரு கோப்புகளில் ஒன்று தொலைக்காட்சியில் ஓடி, மற்றொன்று ஓடாமல் போவது இதனால்தான். விஎல்சி என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து கோடெக் (சுருக்கிய முறை) விவரத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

சுருக்கம் இல்லாமல் கூத்தை வைக்க முடியாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம், அதாவது தனிப்படம்) என்றால் ஒரு நொடிக்கே 155 மெகாபைட்டுக்கு மேல் வருகிறது. எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏறத்தாழ 4.5 டெராபைட் வேண்டும். அதையே எச்.264இல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் 29 ஜிகாபைட்டுக்குள் முடிகிறது. அடுத்தடுத்த சட்டங்களில் மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் எழுதுவதால் இது இயல்கிறது. திரைச்சீலை அசையாமல் நிற்கும்வரை செலவு குறைவு. துரியோதனன் கட்டை (கூத்தின் மர அணிகள்) கட்டிக்கொண்டு சுழன்றாடத் தொடங்கினால் செலவு கூடும், பிட் போதாவிட்டால் காட்சி கலங்கும். அந்தக் கலங்கலை மறுபடி எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் கலங்கல் போகாது.

ஆகவே காட்சியை மறுசுருக்கம் செய்யாதீர்கள். பெட்டி மட்டும் பிடிக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால் உள்ளிருப்பதை அப்படியே எடுத்து வேறு பெட்டியில் வைக்கலாம். சில நிமிட வேலைதான், தரமும் குறையாது. டேட் கோப்பு விசிடி வட்டில் இருந்தது. உள்ளே 352 × 288 அளவுள்ள எம்பெக்-1 காட்சி இருக்கும். விஎல்சி அதை அப்படியே ஓட்டும். அதை உயர்தரத்துக்கு ‘மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் வட்டையே கவனியுங்கள். வட்டு கீறலானால் கோப்பும் போய்விடும். 3ஜிபி பழைய கைப்பேசிகளின் வடிவம், அதிலிருந்து எதிர்பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

திறக்காத எம்பி4 பற்றி: எந்தச் சட்டம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. இடையில் பேட்டரி தீர்ந்துவிட்டால் காட்சி முழுவதும் கோப்பில் இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. பொருளடக்கம் கிழிந்த புத்தகம் என்று கூடச் சொல்ல முடியாது. பக்க எண்ணும் இல்லாத புத்தகம். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கிடைத்தால், அதை மாதிரியாக வைத்துச் சிதைந்த கோப்புக்கு அட்டவணை எழுதித் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் முயலுங்கள்.

கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்காரர்:

தருமபுரி ஐயா சொன்ன பிறகு என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். மாற்றிய ஜேபெக்கை அச்சுக்கும் அனுப்புவதற்கும் வைத்துக்கொண்டு, மூலத்தைத் தனிக் கோப்புறையில், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். நாங்களும் கேமராவின் மூலத்தரவை அழிப்பதில்லை. வாடிக்கையாளரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஊத்தங்கரை ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. தருமபுரி ஐயா ஊகித்தது சரி. படங்களின் விவரத்தைப் பார்த்ததில் பாதிக்கு மேல் 1600 × 1200 அளவில், எடுத்த இடமும் நேரமும் இல்லாமல் இருந்தன. எல்லாம் வகுப்புக் குழு வழியாக வந்தவை. மாணவர்களின் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பி, கைப்பேசிகளைக் கொண்டுவரச் செய்து, கம்பி மூலம் நேராக நகலெடுத்தேன். நான் கேட்ட கல்லின் படம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தையுடைய கைப்பேசியில் 4000 × 3000 அளவில் அப்படியே இருந்தது. அதில் எழுத்தின் இடப்பக்கம் ஒரு வளைவு தெரிகிறது. வகரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன் போய் மூலத்தரவில் எடுத்து வந்து இங்கே இடுகிறேன், தருமபுரி ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதே கேமராவில் எடுத்த ஒரு காதுகுத்து விழாவின் பதிவு கிடைத்தது. அதை மாதிரியாக வைத்து முயன்றதில் படுகளம் திறந்துவிட்டது. இறுதிச் சில நிமிடங்கள் ஒலி மட்டும் சற்று முன்னே ஓடுகிறது. இரண்டு மாணவர்கள் சென்ற ஆண்டே பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்த ஒன்பது கற்களுக்குக் குழுவில் வந்த சிறிய படம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தக் கற்களில் நான்கு எங்கே நிற்கின்றன என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது.